கப்பல் கல்யாணமும் திமிங்கலமும்: வாசகர் கேள்வி பதில்

கடலில் நடக்கும் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தவர்களும், அழைப்பு வராமலே கடலைப் பார்க்கிறவர்களும் வடசென்னையிலிருந்து அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

என் தோழிக்கு ஆனி மாதம் கப்பலில் கல்யாணம். சாயங்காலம் சென்னைத் துறைமுகத்தில் ஏறுகிறோம், மறுநாள் திருகோணமலை, அப்புறம் திரும்பி வருகிறோம். வழியில் திமிங்கலம் தெரியும் என்கிறார்கள். நிஜமா? எங்கே நின்று பார்ப்பது?
வாசகி, புது வண்ணாரப்பேட்டை

தெரியலாம். ஆனால் சென்னைப் பக்கத்துக் கடலை நம்பி முதல் நாள் மாலையே மேல்தளத்தில் தவம் கிடக்க வேண்டாம். நம் கரையோரத்தில் கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகிறது. திருகோணமலையில் அப்படியில்லை. கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாசல்வரை வந்து நிற்கிறது. ஆழ்கடலில் இரை தேடும் நீலத் திமிங்கலமும் ஸ்பெர்ம் திமிங்கலமும் அங்கே கரைக்கு இத்தனை கிட்டத்தில் வருவது அதனால்தான். அங்கே பருவம் ஏறக்குறைய மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, ஆனி அதற்குள் வந்துவிடுகிறது. இதே கல்யாணம் தை மாதம் என்றால் திருகோணமலைப் பக்கம் வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்கள் இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவுக்குப் போகிறார்கள்.

நேரக் கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து திருகோணமலை சுமார் 275 கடல்மைல். கப்பல் 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல்மைல், போனால் பதினெட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மாலை ஆறுக்குக் கிளம்பினால் மறுநாள் பகல் பன்னிரண்டரை வாக்கில் சேரும். இரவில் உங்களுக்குத் தெரியப்போவது விசைப்படகுகளின் விளக்குகள்தான். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்துவிடுவதால் ஆனியில் லாஞ்சுகள் நிறையவே இருக்கும். ஆகவே உங்களுக்கு உரிய நேரம் மறுநாள் விடியல் தொடங்கி பகல்வரை. அதிலும் துறைமுகம் சேர்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் முக்கியம்.

எந்தப் பக்கம் நிற்பது என்று யாரும் யோசிப்பதில்லை. தெற்கு நோக்கிப் போகும் கப்பலில் காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும். அந்தப் பக்கத் தண்ணீர் தகதகவென்று கண்ணைப் பறிக்கும், எதுவும் தெரியாது. வலப்பக்கம் நில்லுங்கள், வெயில் முதுகில் இருக்கட்டும். திரும்பி வரும்போது கப்பல் வடக்கே போகிறது, மாலை வெயில் மேற்கே, அதாவது மறுபடியும் இடப்பக்கம். எனவே போகும்போது காலையிலும் வரும்போது மாலையிலும் வலப்பக்கமே நல்லது. அறை எடுக்கும்போது பால்கனி கேட்கிறீர்கள் என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

உயரம் உதவும். கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத் தளத்தில் நின்றால் தொடுவானம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சின்னப் படகில் நிற்பவருக்கு அது 5 கிலோமீட்டர்தான். முதலில் வெறும் கண்ணால் தொடுவானத்தை இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவி வாருங்கள், பிறகு கொஞ்சம் கிட்டத்தில் இன்னொரு முறை. நீங்கள் தேடுவது உடம்பை அல்ல, மூச்சை. திமிங்கலம் தண்ணீரைப் பீய்ச்சுவதில்லை. அது விடும் மூச்சு, நீர்த்துளியும் ஆவியுமாக வெள்ளையாய் எழும்பி, சில நொடிகளில் கலைந்துவிடும். நேராக, தென்னை உயரத்துக்கு, 9 மீட்டர் வரை எழுந்தால் அது நீலத் திமிங்கலம். குட்டையாக, முன்பக்கம் இடது சாய்வாக எழுந்தால் ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் மூக்குத்துளை தலையின் இடப்பக்கம் இருப்பதால்தான் அந்தச் சாய்வு. முன்னது நீண்ட முதுகு, வாலை ஒட்டி இத்தனூண்டு துடுப்பு. பின்னது பெட்டி போன்ற தலை.

கண்டதும் 'அங்கே, அங்கே' என்று கத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. கப்பலின் முன்முனை பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு 'இரண்டு மணி, தூரத்தில்' என்று சொல்லுங்கள். நீலத் திமிங்கலம் சில முறை மூச்சு விட்டுவிட்டு ஏறக்குறைய பத்து நிமிடம் மூழ்கும். ஸ்பெர்ம் திமிங்கலம் வாலைத் தூக்கி இறங்கினால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதற்குள் உங்கள் கப்பல் 20 கிலோமீட்டர் போயிருக்கும். பயணிகள் கப்பல் உங்களுக்காக நிற்காது, திரும்பாது. இது திமிங்கலம் காட்டும் படகு அல்ல.

அலைத்தலையெல்லாம் வெள்ளை நுரை கட்டியிருந்தால் மூச்சும் நுரையும் ஒன்றாகத் தெரியும். அன்றைக்குப் போய் சாப்பிடுங்கள். ஆனியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உண்டு என்றாலும், இலங்கைத் தீவே மறைப்பாக இருப்பதால் திருகோணமலையை நெருங்க நெருங்கக் கடல் அடங்கும். கூட்டமாகத் துள்ளி, காற்றிலேயே உடம்பைச் சுழற்றி விழுகிறவை சுழலும் ஓங்கல்கள், அதாவது டால்பின்கள். அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு திமிங்கலத்தைவிட அதிகம், கேலியாக நினைக்காதீர்கள்.

துறைமுகத்தில் இறங்கித் தனியாகப் படகு பிடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே படகுகள் பெரும்பாலும் விடிகாலை ஆறு மணி வாக்கில் கிளம்பும், உங்கள் கப்பலோ பகலில்தான் சேர்கிறது. கப்பல் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக நிற்கிறது என்றால் முயற்சி வேண்டாம். நேரம் தவறினால் கப்பல் போய்விடும், உங்கள் பெட்டியும் கூடவே போகும். நேரம் இருந்து போனால், 100 மீட்டருக்குள் நெருங்காத, விலங்கின் முன்னால் குறுக்கே போகாத படகோட்டியாகப் பாருங்கள். துரத்தினால் அது மூழ்கிவிடும், காசும் மூழ்கும்.

ஒன்றே ஒன்று இடிக்கிறது. முகூர்த்தம் மறுநாள் காலை ஏழரைக்கு என்றால் நல்ல நேரம் இரண்டும் ஒன்றாகிவிடும். தாலி கட்டும்போது தோழி பக்கத்தில் இருங்கள். கெட்டிமேளம் முடிந்து, எல்லாரும் பந்திக்குப் போகும் நேரத்தில் தளத்துக்கு ஏறுங்கள். அந்த நேரத்தில் அங்கே கூட்டமும் இருக்காது.

கேப்டன் நடத்தி வைக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லுமா? மாமனார் வீட்டில் சந்தேகப்படுகிறார்கள்.
வாசகர், திருவொற்றியூர்

சந்தேகம் சரியே. வெளிநாட்டுக் கொடி பறக்கும் சில கப்பல்களில் அந்த நாட்டுச் சட்டம் கேப்டனுக்கு அதிகாரம் தருகிறது. நம் திருமணச் சட்டங்கள் தரவில்லை. கரையிலேயே சட்டப்படி முடித்துவிட்டு, கப்பலில் கொண்டாடுவதுதான் தலைவலி இல்லாத வழி. இரு வீட்டாரும் இந்துக்கள் என்றால் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறது: உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். ஹோமமும் புரோகிதரும் கட்டாயமில்லை. வேறு வேறு மதத்தவர் என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும், ஆகவே கப்பல் டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த மனுவைக் கொடுங்கள். எந்த முறையானாலும் தமிழ்நாட்டில் நடக்கும் திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டுச் சட்டம்.

கப்பலிலும் ஹோமம் வளர்க்க ஆசை என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கப்பலில் தீ என்றால் ஓட இடமில்லை என்பதால் குத்துவிளக்குச் சுடருக்குக்கூட அனுமதி கிடைப்பது கடினம். மின்விளக்குத் திரிதான் கடைசியில் கைகொடுக்கும். இலங்கையில் நிற்கும் கப்பல் என்றால் கைக்குழந்தை உட்பட எல்லாருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும்.

அப்பாவின் ஃபைபர் படகு காசிமேட்டில் நிற்கிறது. நண்பனின் கல்யாணத்தை அதிலேயே கடலில் வைத்து, இருபது பேரை ஏற்றிப் போகலாமா? தாலி கட்டுவது பத்தே நிமிடம்தான்.
வாசகர், காசிமேடு

வேண்டாம். கடலை அறிந்த குடும்பத்துக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல உங்களுக்குக் காரணம் வேண்டும் அல்லவா? அது மீன்பிடிக்கப் பதிவான படகு. பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இல்லை, ஏதாவது ஆனால் காப்பீடும் கைவிட்டுவிடும். அதைவிடப் பெரிய காரணம் எடை. வலையும் ஐஸ் பெட்டியும் அடியில் படுத்துக் கிடக்கும், எழுந்து நிற்காது. கல்யாணக் கூட்டம் எழுந்து நிற்கும். தாலி ஏறும் நொடியில் இருபது பேரும் செல்போனோடு ஒரே பக்கம் சாய்வார்கள், படகின் விளிம்பு தண்ணீரைத் தொடும், பிறகு கவிழ அலைகூட வேண்டாம். பட்டுப்புடவை நனைந்தால் நீச்சல் தெரிந்தவருக்கே கால் அசையாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அவர்களும் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய குடும்பம்தான், உயிர்காப்பு அங்கி இல்லை.

கடலோரத்தில் கல்யாணத்தை வைத்துவிட்டு, படகைப் பூவால் அலங்கரித்துக் கரையில் நிறுத்திப் படம் எடுங்கள். படம் நன்றாகவே வரும். கடலில் யாராவது ஆபத்தில் இருப்பதைக் கண்டால் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093.

அம்மாவுக்குப் பஸ்ஸிலேயே வாந்தி. கப்பலில் என்ன செய்வது?
வாசகி, தண்டையார்பேட்டை

கண் 'அறை அசையவில்லை' என்கிறது, உள்காது 'அசைகிறது' என்கிறது. மூளைக்கு வரும் இந்தக் குழப்பம்தான் குமட்டல். ஆகவே கண்ணுக்கும் அசைவைக் காட்டுங்கள்: காற்றுபடும் தளத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன், தலைகுனிந்து பூக்கட்டுவது இரண்டும் கூடாது. அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கட்டும், அங்கேதான் ஆட்டம் குறைவு. கடல் காட்சிக்காக மேலே, முன்முனையில் அறை எடுத்துக் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் நிறைய.

மாத்திரை குமட்டல் வந்தபின் போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும், முன்னாலேயே போட வேண்டும். கடைகளில் கிடைக்கும் அவோமின் 25 மில்லிகிராம் மாத்திரையை நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு ஒன்று, பிறகு தினமும் இரவில் ஒன்று என்று எடுப்பது வழக்கம். தூக்கம் வரும், மதுவோடு சேரவே கூடாது. கண் அழுத்தம், சிறுநீர்த் தடை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி, கொஞ்சம் இஞ்சி போதும். கல்யாணப் பந்தியின் வடை பாயசத்தை அம்மா முதல் நாள் தொடாமல் இருப்பது நல்லது, இதில்தான் சண்டை வரும்.

திமிங்கலத்தைப் படம் எடுக்க என்ன வாங்க வேண்டும்? 20 மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் விளம்பரம் பார்த்தேன்.
வாசகர், ராயபுரம்

அந்த விளம்பரத்தை மடித்து வையுங்கள். கப்பல் ஆடும்போது 20 மடங்கு பெரிதாவது உங்கள் கை நடுக்கமும்தான். கடலுக்கு 7x50 (7 மடங்கு, 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) என்று எழுதியிருப்பது ஏற்றது, 8x42-ம் பரவாயில்லை. படம் எடுக்க 300 மில்லிமீட்டர் லென்ஸ், ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதற்கு வேகமாக, தொடர்ச்சியாகப் பல படம். செல்போன் என்றால் வீடியோவாக எடுத்துவிடுங்கள். பலருக்கும் படம் கெடுவது வேறு ஒன்றால்: ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே தளத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி பூத்து, துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கும். அரை மணி முன்னாலேயே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். உப்புத்தூள் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

எர்ணாவூரிலிருந்து துறைமுகம் கிட்டத்தில்தானே, கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால் போதுமா?
வாசகி, எர்ணாவூர்

போதாது. கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் நாளை நீங்கள் பார்க்காதவரா? விம்கோ நகரில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குங்கள், அங்கிருந்து ஆட்டோ. பாதுகாப்புச் சோதனை, பெட்டிச் சோதனை எல்லாம் உண்டு. அழைப்பிதழில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் துறைமுகத்தில் இருங்கள். மொய் உறையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

கப்பலுக்கெல்லாம் வசதியில்லை. எண்ணூர்க் கரையிலிருந்தே ஏதாவது தெரியுமா? திமிங்கல எச்சம் ஒதுங்கினால் கோடிக்கணக்கில் விலை என்கிறார்களே?
வாசகர், எண்ணூர்

கரையிலிருந்து திமிங்கலம் எதிர்பார்க்காதீர்கள். கடல் அடங்கிய காலையில் ஓங்கல் தென்படலாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட வருகிறது; பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் தன்னார்வ மாணவர்கள் நடத்தும் இரவு ஆமை நடைக்குப் போகலாம். டார்ச் அடிக்காமல் போக வேண்டும்.

அம்பர்கிரிஸ் எனும் அந்த எச்சத்தை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றம். ஸ்பெர்ம் திமிங்கலம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மெழுகு மாதிரி ஏதாவது ஒதுங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

உயிரோடு திமிங்கலமோ ஓங்கலோ ஒதுங்கினால் என்ன செய்வது? 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுக் கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியபோது பார்த்தது இது: கடலுக்குள் இழுத்து விட்டவற்றில் பல மறுபடி கரைக்கே வந்தன. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், வால் எலும்பு விலகிவிடும். ஈரத்துணியால் உடம்பை மூடி, நிழல் கொடுத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தலைமேல் இருக்கும் மூக்குத்துளையில் மட்டும் துணியோ தண்ணீரோ மணலோ போகக் கூடாது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் போன் போடுங்கள்.