லாடா நீவா 80 கி.மீ. வேகத்தில் அதிர்கிறது: முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாருங்கள்

சக்கரங்களை இரண்டு முறை பேலன்ஸ் பண்ணியும் உங்கள் லாடா நீவாவின் அதிர்வு போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது முறையாக பேலன்ஸ் பண்ண வேண்டாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டியின் தரை அதிர்கிறது, ஸ்டீயரிங் ஆடவில்லை என்கிறீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி, கியர்பாக்ஸோடு இருக்க வேண்டிய நேர்கோட்டிலிருந்து விலகியிருக்க வாய்ப்பு அதிகம்.

1977-ல் ரஷ்யாவின் டொலியாட்டி நகரில் அவ்டோவாஸ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய இந்த வண்டியில், டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. அடித்தளத்தில் தனியாகத் தொங்கும். இரண்டையும் ஒரு குட்டை ஷாஃப்ட் இணைக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிடித்திருக்கும் இருபக்கத் தாங்கிகளின் ரப்பர் தளர்ந்தால் அந்த ஷாஃப்ட் கோணலாகச் சுழலும். கரடுமுரடான பாதையில் எத்தனை நம்பகமான வண்டியோ, இந்த ஓரிடத்தில் அத்தனை கவனிப்பு கேட்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்:

1. சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.
2. டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை-லோ லீவரை நியூட்ரலில் வைத்து, கியரை நான்காவதில் போடுங்கள்.
3. சாலையில் அதிர்ந்தபோது இருந்த அதே இன்ஜின் சுற்றுக்கு மெதுவாக ஏற்றுங்கள்.

நின்றபடியே அதிர்ந்தால் குட்டை ஷாஃப்ட் அல்லது தாங்கி. அதிராவிட்டால், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அச்சுகளுக்குப் போகும் முன், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்களின் குறுக்கு மூட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆனால் இன்ஜினை அணைத்த பிறகுதான்.

அப்புறம், தாங்கி ரப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கிழிந்த ரப்பரை வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸை நேராக்கினால் சில நாளில் மறுபடி விலகிவிடும்.