அறுபது வருடத்துக்கு முந்திய பயமும் அம்மாவின் நித்திரையும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 69 வயது. ஆறு வயதில் தாயை இழந்து, உறவினர் வீட்டில் வேலையும் அடியுமாக வளர்ந்தவர். அப்பா இறந்த பிறகு இரவு இரண்டு மணிக்கே எழும்பி, அந்தப் பழைய கதைகளைச் சொல்லி அழுகிறாராம். பாமசியில் வாங்கிய டயசிபாம் என்ற நித்திரைக் குளிசையை எட்டு மாதமாகக் கொடுத்து வருகிறார்கள். "சிறுவயதுத் துன்பம் இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நித்திரையைக் கெடுக்குமா? குளிசையைத் தொடரலாமா?" என்று கேட்கிறார்.

கெடுக்கும். எப்போது அடி விழும் என்று தெரியாமல் படுத்த பிள்ளையின் உடல் அரைவிழிப்பில் தூங்கப் பழகிவிடுகிறது. கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று ஓடும் வரை அது மறைந்திருக்கும். துணை போய் வீடு அமைதியானதும் வெளியே வரும். நம் பக்கத்தில் இதன்மேல் 1978 சூறாவளி, 1990 வன்செயல், 2004 சுனாமி என்று அடுக்கடுக்காக வேறு இருக்கிறது. நித்திரை குறைந்தால் மனச்சோர்வு கூடும், மனச்சோர்வு நித்திரையைக் குறைக்கும். அழுகையைப் பிடித்து நிறுத்துவதைவிட நித்திரையைச் சரிப்படுத்துவது சுலபம். அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

இனிக் குளிசை. டொக்டர் எழுதிய துண்டில்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து இது. "பக்கவிளைவு இல்லை, எல்லாரும் வாங்குகிறார்கள்" என்று நீட்டுகிறவர், இரவில் கழிவறைக்குப் போகையில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வந்து பார்க்கமாட்டார். வயதான உடலில் டயசிபாம் நாட்கணக்காகத் தங்கும். தள்ளாட்டமும் மறதியும் வரும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் மருந்துப் போத்தலும், பெயரே எழுதாத "மூலிகைத் தூளும்" இதே ஆபத்துத்தான். செய்வினை கழிக்கிறேன் என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள். அம்மா கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் அது வேறு, கூட்டிப் போங்கள். ஆனால் எட்டு மாதக் குளிசையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். வலிப்புகூட வரலாம். டொக்டர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில் குறைக்க வேண்டும்.

அம்மா எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழரைக்குப் படுத்தால் இரண்டு மணிக்கே ஆறரை மணித்தியாலம் முடிந்துவிடும்! பத்து மணி வரை உங்களோடு உட்கார வையுங்கள். காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி வெளிச்சத்தில் நடக்கவிடுங்கள். பகல் தூக்கம் அரை மணித்தியாலம் போதும், பின்னேரத் தேத்தண்ணி வேண்டாம். நடுராத்திரியில் விழித்தால் கட்டிலில் புரளாமல் எழும்பி உட்காரட்டும், கண் சொக்கும்போது படுக்கட்டும். பழைய கதை சொன்னால் கேளுங்கள். "அதையெல்லாம் மறந்திடுங்க" என்று வாயை அடைக்கவும் வேண்டாம், துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓரிரு நாளில் திடீரென்று ஆள் மாறி, உங்களை அடையாளம் தெரியாமல், இல்லாத மனிதர்களோடு பேசினால் அது சிறுவயதுக் கவலை அல்ல. பகலில் தெளிந்து இரவில் குழம்பினாலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் உப்புக் குறைவு, மருந்துக் கோளாறு என எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சல் இல்லையே என்று காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். "வயசுதானே" என்று திருப்பி அனுப்பினால் "போன கிழமை நல்லாத்தான் இருந்தவ" என்று திரும்பவும் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. காலையிலிருந்து வரிசையில் நின்று, உள்ளே போனதும் மூன்று நிமிடத்தில் பழைய மருந்தையே எழுதி அனுப்பும் கிளினிக்குகள் நம் நாட்டில் உண்டு. அறுபது வருடக் கதையை மூன்று நிமிடத்தில் யார் சொல்வது? அதனால் படுத்த நேரம், எழும்பிய நேரம், குடிக்கும் எல்லா மருந்தின் பெயர் ஆகியவற்றை இரண்டு கிழமைக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குளிசை அட்டைகளோடு போங்கள். பிரஷர், சீனிக் குளிசைகளையும் சேர்த்துக் காட்டுங்கள். சிறுநீர் போக வைக்கும் குளிசையை மாலையில் குடித்தாலும் நித்திரை கெடும், அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அதற்கிடையில் அம்மா சாக வேண்டும் என்று பேசினால் கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். பேசி ஆலோசனை கேட்க 1926 என்ற இலக்கமும் இருக்கிறது.