ஃப்ரீசர் இருக்கிறது, ஐஸ் விற்கலாமா?

வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் போட்டு விற்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இந்த இதழில்.

300 லிட்டர் டீப் ஃப்ரீசர் வாங்க நினைக்கிறேன். நாளுக்கு 200 கிலோ ஐஸ் எடுக்க முடியுமா? பக்கத்தில் இரண்டு சர்பத் கடைக்காரர்கள் கேட்கிறார்கள்.
வாசகி, விருதுநகர்

முடியாதம்மா. 300 லிட்டர் என்பது உள்ளே எவ்வளவு சாமான் கொள்ளும் என்ற கணக்கு. 24 மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீரை உறைய வைக்கும் என்பது வேறு கணக்கு. அந்த அளவில் வீட்டுக்கு வரும் பெட்டிகளில் 15 கிலோ கிடைக்கும், நன்றாக ஓடினால் 20 கிலோ. சாதாரண ஃப்ரிட்ஜின் மேல்தட்டை நம்பினால் இரண்டு மூன்று கிலோதான்.

காரணம் தண்ணீரின் குணம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 125 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பூஜ்ஜிய டிகிரித் தண்ணீர் பூஜ்ஜிய டிகிரிக் கட்டியாக மாறுவதற்கு மட்டும் இன்னும் 334 கிலோஜூல். சின்ன கம்ப்ரசர் மூச்சு வாங்குவது இந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

பணக் கணக்கையும் பாருங்கள். 20 கிலோ எடுக்க, பெட்டி சும்மா ஓடும் செலவையும் சேர்த்து, மூன்றரை யூனிட் போகும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 35 ரூபாய். கேன் தண்ணீர் 30 ரூபாய். கடைக்காரர் கிலோவுக்கு 10 ரூபாய் தந்தால் வரவு 200. உருகிப் போவதைக் கழித்தால் நாளுக்கு 120 ரூபாய் மிஞ்சலாம். பெட்டி விலை 25,000 என்றால் போட்ட காசு திரும்ப 200 நாளுக்கு மேல் ஆகும். ஐஸ் ஓடும் கோடையோ நான்கு மாதம். ஆகவே ஐஸுக்காகவே புதுப் பெட்டி வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வேறு தொழிலுக்கு வாங்கிய பெட்டி பாதி காலியாகக் கிடந்தால் தாராளமாகப் போடலாம். மேலே சொன்ன விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

எவர்சில்வர் தூக்கில் பத்து லிட்டர் ஊற்றி வைத்தேன். ஒன்றரை நாள் ஆகியும் நடுவில் தண்ணீர். தூக்கின் அடியும் உப்பிவிட்டது.
வாசகர், தேனி

ஆழமான பாத்திரம் இதற்கு ஆகாது. ஓரம் முதலில் கட்டியாகிவிடும். அதன் பிறகு நடுவில் இருக்கும் வெப்பம் அந்தக் கட்டியைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். வாய் அகன்று அடி குறுகிய எவர்சில்வர் தட்டில் 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரம் மட்டும் ஊற்றுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 12 முதல் 14 மணி நேரத்தில் முழுக்க இறுகும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், அதனால் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். அடி உப்பியதும் இதனால்தான்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்காமல், இடையில் இரண்டு விரல் இடம் விட்டுக் கம்பித் தட்டில் வையுங்கள். குளிர்காற்று சுற்றி வந்தால்தான் வேலை நடக்கும். 20 கிலோவையும் ஒரே வேளையில் ஏற்றாமல் காலையில் பாதி, இரவில் பாதி வைக்கலாம். புதுத் தண்ணீரை, இறுகிய கட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கட்டியின் மேற்பரப்பு இளகி மறுபடி உறைந்து, எல்லாம் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்ளும். இறுகியதை எடுக்கத் தட்டின் அடியைச் சாதாரணத் தண்ணீரில் 20 விநாடி நனைத்தால் போதும். கத்தியால் நெம்பினால் பெட்டியின் உள்சுவரில் ஓட்டை விழும், வாயு போகும், பெட்டியும் போகும்.

கட்டி நடுவில் வெள்ளையாக இருக்கிறது. காய்ச்சி ஆறவைத்தும் போகவில்லை.
வாசகி, காரைக்குடி

கரைந்த காற்றும் உப்பும்தான் அந்த வெள்ளை. நாலாபுறமும் இருந்து உறையும்போது அவை நடுவில் சிக்கிக்கொள்கின்றன. காய்ச்சினால் காற்று ஓரளவு போகும், உப்பு போகாது. கண்ணாடிபோல் வேண்டுமென்றால் மூடியில்லாத தெர்மாகோல் பெட்டிக்குள் பாத்திரத்தை வையுங்கள். மேலிருந்து மட்டும் உறையும், அழுக்கெல்லாம் அடியில் சேரும்; அந்த அடிப்பகுதியை வெட்டி எறியலாம். ஆனால் நேரம் இரண்டு மடங்கு ஆகும். சர்பத் கடைக்கு உடைத்துப் போடும் ஐஸுக்கு இந்தப் பாடு வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினாலே வெள்ளை நன்றாகக் குறையும்.

மீன்கடைக்கும் கொடுக்கலாமா? உரிமம் வேண்டுமா?
வாசகர், நாகப்பட்டினம்

மீனுக்குத் தொழிற்சாலை ஐஸ் பார் வருகிறது. உப்புக்கரைசல் தொட்டியில் டன் கணக்கில் உறைய வைப்பவரோடு விலையில் போட்டி போட முடியாது. குடிநீர் அல்லாத தண்ணீரில் போடும் ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நீங்கள் போடுவது வாயில் போகும் ஐஸ், அதை அந்தச் சந்தையில் கொண்டுபோய்க் கலக்காதீர்கள். மீன், இறைச்சி வைக்கும் பெட்டியிலும் போடக்கூடாது. வாடையை ஐஸ் இழுக்கும். குளிரில் கிருமி சாகாது, உறங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். தண்ணீர் சுத்தமில்லை என்றால் ஐஸும் சுத்தமில்லை.

சாப்பிடும் ஐஸும் உணவுதான். ஆகவே உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், வீட்டளவு வியாபாரத்துக்கும் சேர்த்துத்தான். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டு மின் இணைப்பில் வியாபாரம் செய்யலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தூக்குப்பை, தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடை. கடைக்காரரின் ஐஸ் பெட்டியிலேயே கொட்டிக் கொடுப்பது நல்லது, கவர் செலவும் மிச்சம்.

பெட்டியின் வெளிச்சுவர் சுடுகிறது. கரண்ட் போய் வந்தால் என்ன செய்வது?
வாசகி, புதுக்கோட்டை

பல பெட்டிகளில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. சுடுவது கோளாறு அல்ல. சுற்றிலும் 10 சென்டிமீட்டர் இடம் விடுங்கள், மேலே துணி போர்த்தாதீர்கள். கரண்ட் வந்தவுடன் கம்ப்ரசர் உடனே கிளம்பக் கூடாது. மூன்று நிமிடம் பொறுத்து இயக்கும் ஸ்டெபிலைசர் போடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் மூடியைத் திறக்காதீர்கள். உள்சுவரில் பனி அரை சென்டிமீட்டர் சேர்ந்தால் பெட்டியை நிறுத்தி உருக விடுங்கள்.