நாயைக் கொடுக்க வேண்டாம், உங்களுக்கு மூன்று மாதம் கூடுதலாக இருக்கிறது

கேள்வி: மனைவி ஏழு மாதக் கர்ப்பம். வீட்டில் ஐந்து வயது நாட்டு நாய் இருக்கிறது. குழந்தை வருவதற்குள் அதை யாருக்காவது கொடுத்துவிடு என்று என் அம்மா சொல்கிறார். கொடுக்காமல் பழக்க முடியுமா?

முடியும். இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் நகர மனசு வரவில்லை, ஏனென்றால் இதே பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்தது, இங்கே கட்சிதான் மாறியிருந்தது. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, நாய்க்குக் கட்சி. பரமக்குடியில் இருக்கும் என் அம்மாதான் எதிர்க்கட்சி. "நாய் முடி பிள்ளை வயித்துக்குள்ள போயிரும்டி, சொன்னாக் கேளு" என்று போனில் தினமும் ஒரு பாட்டம். நான் கால்நடை மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாயையும் ஒரு பிள்ளையையும் ஒரே முற்றத்தில் வளர்த்தவள், அவ்வளவுதான் தகுதி. நாய்ப் பிரியர்கள், நாய் ஆகாதவர்கள் இரண்டு தரப்பும் கீழே சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

இணையத்தில் இதுபற்றிக் கிடைக்கிற ஆலோசனைகளை எல்லாம் நானும் படித்தேன். பிரசவமான இரண்டு மூன்று நாளில் குழந்தை நேராக நாய் இருக்கிற வீட்டுக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். நம் பக்கம் அப்படியா? வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறோம், பிள்ளை பெற்று மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்பி வருகிறோம். உங்கள் மனைவியும் அப்படித்தான் போவார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த இடைவெளி இருக்கிறதே, நாயைப் பழக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பலர் அதை வீணாக்கிவிட்டு, பிள்ளை வீட்டுக்கு வரும் அன்று காலையில் நாயைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் சங்கிலியில் கட்டுவார்கள். நேற்றுவரை வீட்டுக்குள் சுற்றியது இன்றைக்கு ஏன் வெளியே என்று அதற்கு எப்படித் தெரியும்? புதிதாக வந்த அழுகைச் சத்தமும் தன் கழுத்துச் சங்கிலியும் ஒரே நாளில் வந்தன என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எனக்கு 2023 மே மாதம் பிள்ளை பிறந்தது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானம் இல்லை, ஆனால் ஆள் வீட்டில் இருந்தார். பரமக்குடிக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகும்போது, பிள்ளையைச் சுற்றிய பழந்துணி ஒன்றைத் துவைக்காமல் அப்படியே பையில் போட்டு எடுத்துப் போவார். எங்கள் நாய் ஜிம்மி அதை மோந்து பார்க்கலாம், வாயில் கவ்வக் கூடாது. அமைதியாக மோந்துவிட்டு விலகினால் அவித்த சூடை மீனின் சதை, முள் எடுத்தது, ஒரு துண்டு. பிள்ளை வீறிட்டு அழுவதை நான் போனில் பதிந்து அனுப்புவேன். அதை முதலில் காதில் விழுந்தும் விழாத மாதிரி சத்தம் குறைத்து வைத்து, அது சோறு தின்னும்போது ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். நாய் தின்பதை நிறுத்திவிட்டுக் காதை நிமிர்த்தினால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், குறைத்துவிட வேண்டும். பொம்மைக் கடையில் விற்கிற அழுகைச் சத்தமெல்லாம் வேண்டாம், சொந்தப் பிள்ளையின் அழுகையே கையில் இருக்கும்போது.

தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போன பிறகு அத்தை எடுத்துக்கொண்டார். யாருமே எழுதாத விஷயம் ஒன்று இங்கேதான் வருகிறது: தொட்டில். மேல்நாட்டுக் கட்டில் மாதிரி அது நிலையாக நிற்பதில்லை. விட்டத்திலிருந்து சேலையில் தொங்கும், நாயின் மூக்கு உயரத்தில் ஆடும், உள்ளே ஏதோ நெளியும், சத்தம் போடும். எங்கள் ஜிம்மி சிப்பிப்பாறைக் கலப்பு என்று வீட்டுக்காரர் சொல்வார் (அத்தை நம்பியதே இல்லை), எது ஓடினாலும் ஆடினாலும் விரட்டுகிற ரத்தம். அதனால் நான் வருவதற்கு முன்பே தொட்டிலைக் கட்டி ஆட்டிப் பழக்கச் சொன்னேன். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாதே என்று அத்தை யோசித்தார், அப்புறம் அவரே ஒரு பூசணிக்காயைத் துணியில் சுற்றி உள்ளே போட்டுத் தாலாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ. தொட்டில் ஆடும்போது ஜிம்மி வாசற்படிக்கு அந்தப் பக்கம் சாக்கில் படுக்க வேண்டும், படுத்தால் மீன். சாம்பிராணி, வசம்பு வாசமும் அப்போதே பழகிவிட்டது. சோறு வைக்கும் நேரத்தையும், ராத்திரி படுக்கும் இடத்தையும் அத்தை முன்கூட்டியே மாற்றிவிட்டார், பிள்ளை வந்து மாறியதாக அதற்குத் தோன்றக் கூடாது என்று.

மூன்றாம் மாதம் ஆடியில் விழுந்ததால் ஆவணியில்தான் கூட்டி வந்தார்கள். வந்த கதையைச் சொன்னால் வயிறு எரியும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அத்தனை காலமும் மண்டபத்துக்கு இந்தப் பக்கம் ரயில் கிடையாது. கைப்பிள்ளை, இரண்டு பெட்டி, சீர் பாத்திரம், பலகாரத் தூக்குகள் எல்லாவற்றோடும் மண்டபத்தில் இறங்கினால், ஆட்டோக்காரர் கேட்ட காசில் பரமக்குடிக்கே திரும்பிப் போயிருக்கலாம். தீவில் இருக்கிறவர்கள் இரண்டு வருசத்துக்கு மேல் இப்படித்தான் பிள்ளையையும் நோயாளியையும் தூக்கிக்கொண்டு அலைந்தோம். புதுப் பாலம் திறந்த அன்று எல்லோரும் போட்டோ போட்டீர்களே, அதற்கு முன் ஒருத்தராவது கேட்டீர்களா? சரி, நாய்க்கு வருவோம்.

வீட்டு வாசலில் ஆரத்தி, சொந்தக்காரக் கூட்டம், அதற்கு மேல் பெண்கள் போடும் குலவை. குலவைச் சத்தத்தில் மனுசனுக்கே காது அடைக்கும், நாய் என்ன செய்யும்? அதனால் கொழுந்தன் அதை முன்கூட்டியே கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப் போய்விட்டார். கூட்டம் கலைந்த பிறகு அது களைத்துப்போய் வந்தது. பிள்ளையை அத்தை உள்ளே வைத்துக்கொள்ள, நான் வெறுங்கையோடு முற்றத்துக்குப் போனேன். மாதக்கணக்கில் பார்க்காத ஆள் வந்திருக்கிறேன், அது குதித்துத் தீர்க்கட்டும் என்று விட்டேன். அந்தக் குதிப்பைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடங்கிய பிறகுதான், கயிற்றைக் கொழுந்தன் பிடித்திருக்க, தூர இருந்து காட்டினோம். கிட்டே கொண்டுபோய் "பாரு ஜிம்மி, தம்பிப் பாப்பா" என்று முகத்துக்கு நேராக நீட்டுகிற வேலையெல்லாம் செய்யாதீர்கள். வீடியோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள்தான் அதைச் செய்வார்கள்.

பார்க்க வேண்டியது நாயின் முகத்தை. தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, சும்மா சும்மா உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைப்பது, இதெல்லாம் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று அது சொல்வது. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடிவாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமல் கடிக்கும். இடைவெளி கொடுங்கள், போதும். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் பிள்ளையையும் அதையும் தனியாக விட்டு அடுப்படிக்குக்கூடப் போகக் கூடாது. "எங்க நாய் அப்படி இல்ல" என்று எனக்குப் பதில் எழுத வருகிறவர்களுக்கு: எங்கள் நாயும் அப்படி இல்லைதான், இருந்தாலும் நான் விட்டதில்லை.

இன்னொன்று, வந்த முதல் நாள்தான் பரீட்சை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு உண்மையான கஷ்டம் பிள்ளை தவழ ஆரம்பித்தபோதுதான். தொட்டிலில் கிடக்கிற வரை ஜிம்மிக்கு அது ஒரு சத்தம் மட்டும். தவழ்ந்து வந்து வாலைப் பிடித்து இழுத்து, சோற்றுத் தட்டில் கைவிட்டபோதுதான் விறைத்தது. அன்றே வாசற்படியில் பலகைத் தடுப்பு அடித்தோம், சோறு வைப்பதைக் கொல்லைக்கு மாற்றினோம், பிள்ளை எட்ட முடியாத படுக்கை ஒன்று அதற்கென்று ஒதுக்கினோம். எங்கள் பக்கம் முற்றமே மணல்தான். நாய்க் கழிவிலிருந்து கொக்கிப்புழு மணலில் இறங்கி வெறுங்காலில் ஏறும், தோலில் சிவப்பாகக் கோடு கோடாக ஊர்ந்து அரிக்கும். நாய்க்குப் பூச்சி மருந்தைக் குழந்தை வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடருங்கள். முற்றத்தில் நாய் போனதை உடனே அள்ளிவிட வேண்டும். உண்ணிக்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்து போதும், மண்ணெண்ணெய் தேய்க்கிற வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாய் முன்பே யாரையாவது கடித்திருந்தாலோ, தெருப் பிள்ளைகளைக் கண்டால் விறைத்து முறைத்துப் பார்த்தாலோ, நான் சொன்னது எதுவும் போதாது. அப்போது உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, தெரிந்த வீடாகப் பார்த்துக் கொடுங்கள். தனுஷ்கோடி ரோட்டில் இறக்கிவிட்டுப் போவது கொடுப்பது ஆகாது.

அந்தக் கவலை இல்லை என்றால், ரேபிஸ் ஊசி அட்டையைத் தேடி எடுங்கள். குட்டியில் மூன்று மாத வயதில் போட்டதோடு விட்டிருந்தால் இப்போதே மருத்துவரிடம் கூட்டிப் போய்ப் போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு வருசா வருசம். ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், பிள்ளைக்குப் பல்லோ நகமோ பட்டால், அல்லது புண் இருக்கிற இடத்தில் நக்கினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம். மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்க விடாதீர்கள். அட்டை எங்கே என்று மனைவியிடம் கேளுங்கள், எங்கள் வீட்டில் அது ரேஷன் கார்டோடு பீரோவில் இருந்தது.