ஊழியத்தை விட்டுவிடட்டுமா?

கேள்வி: ஐயா, நான் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. பாடகர் குழுவில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தையும், பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் கணக்கையும் நானே கவனிக்கிறேன். ஆனால் எனக்கென்று முழங்காலில் நின்று ஜெபித்துப் பல மாதங்கள் ஆகின்றன. வேதத்தைத் திறந்தால் பாடம் ஆயத்தம் செய்யத்தான் திறக்கிறேன். இந்த நிலையில் ஊழியம் செய்வது மாய்மாலம் அல்லவா? எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா?
– ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: அன்புச் சகோதரி, இதை மாய்மாலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாடத்துக்காக மட்டுமே வேதத்தைத் திறப்பதாக எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. வாசிக்கும்போது நம்மையே கடிந்துகொள்ளும் ஒரு வசனம் எதிர்ப்படுகிறது. அது நெஞ்சில் தைப்பதற்குள், 'இதை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லலாம்' என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். இப்படி வருஷக்கணக்கில் வாசித்தாலும் பாடம் சிறப்பாகவே அமையும் என்பதால், உள்ளே வறண்டுபோனது சபையாருக்கும் தெரிவதில்லை, நமக்கும் சீக்கிரம் தெரிவதில்லை.

சாமுவேலை நினைத்துப் பாருங்கள். 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் அவன் ஆசாரியனாகிய ஏலிக்கு முன்பாகக் கர்த்தருக்கு ஊழியஞ்செய்தான் என்கிறது. ஏழாம் வசனமோ "சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்" என்கிறது. தேவனுடைய பெட்டி இருந்த ஆலயத்திலேயே படுத்துறங்கிய பிள்ளையைக் குறித்துத்தான் வேதம் இப்படிச் சொல்கிறது. ஆனால் அதற்காகக் கர்த்தர் அவனை ஆலயத்தை விட்டு வெளியே அனுப்பவில்லை. அங்கேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த இரவுக்குப் பின்பும், விடிந்ததும் அவன் செய்ததாக எழுதப்பட்டிருக்கும் முதல் காரியம் ஆலயத்தின் கதவுகளைத் திறந்ததுதான்.

உங்கள் கேள்வியை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் கேட்டவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி. குருப்பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டில் கண்டிப்பான பக்தி ஒழுங்குகளைக் கைக்கொண்டு, 1735இல் மிஷனரியாக அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குக் கப்பலேறியவர் அவர். நடுக்கடலில் புயல் அடித்துப் பிரதான பாய் கிழிந்தபோது, உடன் வந்த மொரேவியர்கள் என்னும் ஜெர்மானிய புராட்டஸ்டன்ட் சபையார் சிறுபிள்ளைகள் உட்பட அமைதியாகச் சங்கீதம் பாடிக்கொண்டிருக்க, தமக்கோ சாவுக்குப் பயம் இருப்பதை அவர் கண்டார். ஜார்ஜியாவில் அவருடைய ஊழியம் கசப்பில் முடிந்தது. 1738 ஜனவரியில் இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், இந்தியர்களை, அதாவது அமெரிக்கப் பழங்குடியினரை, மனந்திரும்பச் செய்யப் போனேன், என்னை மனந்திரும்பச் செய்பவர் யார் என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், தமக்கே விசுவாசம் இல்லாதபோது பிரசங்கிப்பதை நிறுத்திவிடலாமா என்று மொரேவியரான பீட்டர் போலரிடம் கேட்டார். நிறுத்தவே வேண்டாம், விசுவாசம் கிடைக்கும்வரை அதைப் பிரசங்கியும், கிடைத்தபின் அது இருப்பதனாலேயே பிரசங்கிப்பீர் என்பது போலரின் பதில். மே 24 அன்று லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில் வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டதைப் பலரும் அறிவார்கள். அதற்கு முந்தைய இந்த உரையாடலைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

எனினும், போலரின் ஆலோசனையைச் சாக்காக வைத்து எல்லா வேலைகளையும் அப்படியே தொடரலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்கு 3:14இன்படி ஆண்டவர் பன்னிருவரை ஏற்படுத்தியது முதலாவது தம்மோடுகூட இருக்கவும், பின்பு பிரசங்கம்பண்ண அனுப்பவுமே. அந்த வரிசையை மீட்க வேண்டுமானால், கையில் உள்ள நான்கு பொறுப்புகளில் எது அழைப்பினால் வந்தது, எது 'மாட்டேன்' என்று சொல்லக் கூச்சப்பட்டதனால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். சங்கக் கணக்கை இன்னொரு சகோதரி பார்க்க முடியாதா? அழைப்பு இருக்கிற ஊழியத்தை விடவேண்டாம். நீங்கள் பாடம் எடுக்காத ஒரு புத்தகத்தை, எசேக்கியேலானாலும் சரி, பென்சிலை எட்ட வைத்துவிட்டு உங்களுக்காக மட்டும் வாசியுங்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் அதையே அவரிடம் சொல்லலாம். சங்கீதக்காரர் பலமுறை அப்படித்தான் தொடங்குகிறார்.

கேள்வி: 'ஊழியமே ஜெபம்தான், ஜனங்கள் காத்திருக்கும்போது தனி ஜெபத்துக்கு நேரம் ஒதுக்குவது சுயநலம்' என்கிறார் எங்கள் வாலிபர் ஐக்கியத் தலைவர். இது சரியா?
– ஒரு வாலிபர், நாகர்கோவில்

பதில்: சரியல்ல, தம்பி. கப்பர்நகூமில் பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடி, பிணியாளிகள் சொஸ்தமான இரவுக்கு அடுத்த அதிகாலையில், ஆண்டவர் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீமோன் வந்து சொன்னதும் உங்கள் தலைவர் சொல்வது போன்றதுதான். ஆண்டவரோ காத்திருந்த கூட்டத்திடம் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். கூட்டம் கேட்பதற்கும் பிதா அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெளிவாயிருந்தது. ஜெபத்துக்கு நேரமில்லாத ஊழியருக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. இதைத் தலைவரிடம் வாக்குவாதமாக அல்ல, அந்த அதிகாரத்தை அவரோடு சேர்ந்து வாசித்தே பேசுங்கள்.