எமுலேட்டருக்கு ஏற்ற பிராசஸர் எது? கேள்வி பதில்

பழைய கன்சோல் விளையாட்டுகளைப் போனில் எமுலேட்டர், அதாவது போனை அந்தக் கன்சோல் போல நடிக்க வைக்கும் மென்பொருள், வழியாக ஓட்டுவது குறித்து மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பிராசஸர், கிராபிக்ஸ், அந்தச் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர், சூடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். விளையாட்டுக் கோப்புகளும் கன்சோலைத் துவக்கும் பயாஸ் கோப்பும் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்கள் பலர். அதை நான் சொல்லப் போவதில்லை.

மேலூர்: அண்ணே, என் போனில் ஹீலியோ ஜி35 இருக்கிறது; எட்டு கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 2 கன்சோலின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ்கூட இல்லை என்று படித்தேன். அப்படியிருந்தும் விளையாட்டு ஏன் நின்று நின்று நகர்கிறது?

நல்ல கேள்வி, தம்பி. அந்தக் கன்சோலின் முதன்மை பிராசஸர் 294.9 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடியது என்பது உண்மையே. ஆனால் அது தனியாக ஓடவில்லை. முப்பரிமாணக் கணக்குகளுக்கான இரண்டு வெக்டர் யூனிட்டுகளும், 4 மெகாபைட் நினைவகத்தைத் தன் சில்லுக்குள்ளேயே வைத்திருந்த கிராபிக்ஸ் சிந்தசைசரும், ஒலிப் பகுதியும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று கணக்குத் தவறாமல் வேலை செய்தன. அவை எல்லாவற்றையும் எமுலேட்டர் நடித்துக் காட்ட வேண்டும். மிப்ஸ் வகைக் கட்டளை ஒவ்வொன்றையும் உங்கள் போனுக்குப் புரியும் ஏ.ஆர்.எம். கட்டளைகளாக மாற்ற வேண்டும். ஒன்று பலவாகப் பெருகுவது இங்கே வழக்கம். போதாக்குறைக்கு, தசமப் புள்ளி கொண்ட எண்களை அந்தக் கன்சோல் கணக்கிட்ட முறை இன்றைய பிராசஸர்கள் பின்பற்றும் தரத்திலிருந்து விலகியது என்பதால், பல இடங்களில் விடையைத் திருத்துவதற்கும் நேரம் செலவாகிறது.

இவ்வளவு வேலையும் எட்டு கோர்களுக்கு, அதாவது பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் எட்டுப் பகுதிகளுக்கு, பங்கு போவதில்லை. முதன்மை பிராசஸருக்கு ஒன்று, கிராபிக்ஸுக்கு ஒன்று, அமைப்பில் இயக்கிவிட்டால் இரண்டாவது வெக்டர் யூனிட்டுக்கு ஒன்று என்று மூன்று கோர்களுக்குத்தான் பெரும்பாலும் வேலை இருக்கும். ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய பனைமரத்தடியில் எட்டுப் பேர் நின்றாலும், ஏறியவர் வெட்டும் வேகத்தில்தான் நுங்கு இறங்கும்.

அந்த ஏறுகிற ஆள் யார் என்பதே கேள்வி. ஜி35இன் எட்டு கோர்களும் கார்டெக்ஸ் ஏ53 வகையைச் சேர்ந்தவை. அவை கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்பவை. ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருந்தால் அதன் பின்னால் இருப்பவையும் காத்திருக்கும். ஹீலியோ ஜி99இல் உள்ள இரண்டு ஏ76 கோர்கள் 2.2 கிகாஹெர்ட்ஸில், அதாவது உங்களுடையதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடுகின்றன. ஆயினும் அவை வரிசையை மாற்றி, தயாராக உள்ள கட்டளையை முதலில் முடித்துவிடுவதால், எளிய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகள் பலவற்றைக் கன்சோலின் மூலப் பட அளவில் ஓட்டிவிடுகின்றன. உங்கள் போனைப் பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி: அதே ஜி35 போனில் பி.எஸ்.பி. விளையாட்டுகள் ஓடுமா?

பெரும்பாலானவை ஓடும். சோனியின் அந்தக் கையடக்கக் கன்சோலின் உச்ச வேகம் 333 மெகாஹெர்ட்ஸ், திரை 480க்கு 272 புள்ளிகள். 2012இல் வெளிவந்த பி.பி.எஸ்.எஸ்.பி.பி. எமுலேட்டர் நன்றாகச் செதுக்கப்பட்ட மென்பொருள். படத்தின் அளவை மட்டும் ஒரு மடங்கிலேயே விட்டுவிடுங்கள்.

திருமங்கலம்: ஆன்டுடு மதிப்பெண் எவ்வளவு இருந்தால் நின்டெண்டோவின் கேம்க்யூப் கன்சோல் விளையாட்டுகள் தடையின்றி ஓடும்?

எவ்வளவு இருந்தாலும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். போனின் வேகத்தை அளக்கும் ஆன்டுடு செயலி தரும் அந்த மதிப்பெண்ணில் எல்லாக் கோர்களின் கூட்டு வேகமும், கிராபிக்ஸும், நினைவகமும், திரை நகரும் விதமும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. எமுலேட்டருக்கு அந்தக் கூட்டுத்தொகையால் பயனில்லை. கீக்பெஞ்ச் என்ற மற்றொரு சோதனைச் செயலியின் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள், அடுத்து கிராபிக்ஸ் சில்லின் பெயரைப் பாருங்கள். அதற்குமேல் கடைக்காரர் சொல்லும் எண்கள் எதுவும் தேவையில்லை.

செல்லூர்: விளையாட்டு 50 ஃபிரேமுக்கு மேல் போக மறுக்கிறது. போன் போதவில்லையா?

போன் போதும். நீங்கள் ஓட்டுவது ஐரோப்பாவுக்கும் நம் நாட்டுக்குமான PAL தொலைக்காட்சி முறைப் பதிப்பு. அதன் முழு வேகமே நொடிக்கு 50தான். வேக விழுக்காடு 100 என்று காட்டினால் வேறெதையும் தொடாதீர்கள்.

டவுன்ஹால் ரோடு: இங்கே ஒரு கடையில் ஸ்னாப்டிராகன் 865 உள்ள பழைய போனைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதே விலைக்கு டைமென்சிட்டி 7050 உள்ள புதிய போனும் கிடைக்கிறது. எதை வாங்கலாம், அண்ணே?

எமுலேட்டர் ஒன்றுக்காகவே வாங்குவதென்றால் 865. அதில் நான்கு ஏ77 கோர்கள் உள்ளன: ஒன்று 2.84 கிகாஹெர்ட்ஸ், மற்ற மூன்றும் 2.42. 7050இல் 2.6 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஏ78 கோர்கள். ஒற்றைக்கு ஒற்றை வைத்தால் ஏ78 குறைந்ததல்ல. ஆனால் எமுலேட்டர் மூன்றாவது கோரைக் கேட்கும்போது 7050 சிறிய ஏ55 கோரைத்தான் கொடுக்க முடியும், 865 மற்றொரு பெரிய கோரையே கொடுக்கும். கிராபிக்ஸிலும் 865இல் உள்ள அட்ரினோ 650 சில்லு முன்னால் நிற்கிறது. ஆனால் 865 வெளிவந்தது 2020இல், பேட்டரி தேய்ந்திருக்கும். கடையிலேயே ஒரு கனமான விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அதற்குக் கடைக்காரர் இசையாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள், அந்தச் சாலையில் கடைக்கா பஞ்சம்?

வாடிப்பட்டி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எப்போதும் அட்ரினோவுக்கே கொடி பிடிக்கிறீர்கள். டைமென்சிட்டி 8100இல் 2.85 கிகாஹெர்ட்ஸில் நான்கு ஏ78 கோர்கள் உள்ளன, சூடும் அடங்கியே இருக்கிறது. இவற்றில் உள்ள மாலி கிராபிக்ஸ் சில்லு என்றாலே மட்டம் என்பது பழங்கதை.

கேட்கப்பட்டது 7050 பற்றி, நீங்கள் 8100ஐ அழைத்து வருகிறீர்கள், இருக்கட்டும். கோர்களைப் பொறுத்தவரை 8100 என்பது 865ஐவிட மேல் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மாலி சில்லின் வலிமையையும் நான் குறை சொல்லவில்லை. குறை டிரைவரில் இருக்கிறது. மாலிக்கான டிரைவர் போன் நிறுவனத்தின் சிஸ்டம் அப்டேட்டோடுதான் வரும். அது வராவிட்டால், ஒரு விளையாட்டில் நிழல் கறுப்புக் கட்டமாகத் தெரிவதை நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அட்ரினோவுக்கு மேசா திட்டத்தில் உருவான டர்னிப் என்ற திறந்த மூல டிரைவர் உண்டு, கிராபிக்ஸ் சில்லோடு மென்பொருள் பேசும் வல்கன் முறைக்கானது. அதை ஏற்கும் எமுலேட்டர்களில், போனை ரூட் செய்யாமலேயே, அதாவது சிஸ்டத்தின் பூட்டைத் திறக்காமலேயே, அந்த எமுலேட்டருக்குள் மட்டும் அதை ஏற்றிக்கொள்ளலாம். ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஒரு பக்கத்தில் இருக்கிறது, மறுபக்கத்தில் இல்லை.

வாடிப்பட்டி: டிரைவர் சரி. ஆனால் மாலியில் ஃபிரேம்பஃபர் ஃபெட்ச் வசதி இருக்கிறதே? பிளேஸ்டேஷன் 2இன் நிறக்கலப்பைத் துல்லியமாகக் காட்ட அதைவிடச் சிறந்த வழி உண்டா?

இப்போதுதான் பேச்சு சுவையாகிறது. போன் கிராபிக்ஸ் சில்லுகள் திரையைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் சில்லின் உள் நினைவகத்தில் வரைந்து முடித்த பிறகே வெளியே எழுதுகின்றன. ஏற்கெனவே வரைந்த புள்ளியின் நிறத்தை அங்கேயே படித்துக் கலக்க நீங்கள் சொல்லும் வசதி உதவும், அந்த வேலையில் மாலி கெட்டிக்காரன்தான். ஆனால் அது படிக்கத் தருவது அந்த ஒரு புள்ளியை மட்டுமே. மங்கல், கானல் அலை, ஒளிப்பரவல் போன்ற காட்சிகளுக்குப் பக்கத்துப் புள்ளிகளும் தேவை. 4 மெகாபைட் உள் நினைவகத்தை நொடிக்கு 48 கிகாபைட் வேகத்தில் தொட முடிந்த கன்சோலில், வரைந்த படத்தையே மறுபடி மறுபடி எடுத்து அதன்மேல் வரைவது விளையாட்டுகளுக்குச் செலவில்லாத காரியமாக இருந்தது. போனிலோ ஒவ்வொரு முறையும் கட்டங்கள் அனைத்தையும் வெளியே எழுதி, திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். அட்ரினோவும் கட்ட முறைதான், ஆனால் இத்தகைய இடங்களில் கட்டங்களை விட்டுவிட்டு நேரடியாக வரையும் முறைக்கு மாற அதனால் முடியும். காட்சி நகரும்போது சரியாக ஓடிய விளையாட்டு, மழையோ புகையோ வந்தவுடன் பாதி வேகத்துக்கு விழுவதை மாலியில் அதிகம் பார்க்கிறோம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒத்தக்கடை: நீங்கள் இருவரும் பேசியதில் பாதி புரியவில்லை. கடைசியில் எதை வாங்குவது?

865.

அண்ணா நகர்: எட்டு கோர், 12 ஜி.பி. ராம் உள்ள போன். பிளேஸ்டேஷன் 2 ஓடுமா?

பிராசஸரின் பெயரைச் சொல்லவில்லை. மேலூர் தம்பிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். அந்தக் கன்சோலின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 12 ஜி.பி. ராமும், அதன்மேல் கூட்டித் தரும் மெய்நிகர் ராமும் இங்கே எதையும் வேகப்படுத்தாது.

சிலைமான்: முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு வேகம் சரிகிறது.

சூடேறியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில் மதுரை அறைக்குள்ளேயே போன் பாதி சூடாகித்தான் இருக்கும். உறையைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடாதீர்கள், படத்தின் அளவை ஒரு படி இறக்குங்கள், மின்விசிறிக் காற்றில் அமருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் போனை வைத்து எடுப்பவர்களுக்கு மீண்டும் ஒரு முறை எச்சரிக்கை: உள்ளே ஈரம் படிந்தால் மதர்போர்டு போய்விடும். புதிதாகத் தேடுபவர்கள் ஸ்னாப்டிராகன் 888, 8 ஜென் 1 ஆகியவற்றைத் தவிர்க்கலாம். பெரும்பாலும் அதே வடிவமைப்பைக் கொண்ட 8 பிளஸ் ஜென் 1, சாம்சங் ஆலையிலிருந்து டி.எஸ்.எம்.சி. ஆலைக்கு மாறியதாலேயே குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறது. எங்கே வடித்தார்கள் என்பதும் பார்க்க வேண்டியதுதான்.

கே.கே. நகர்: ஐபோன் பிராசஸர்தான் எல்லாவற்றிலும் வேகமானது என்கிறார்கள். அதில் கேம்க்யூப் ஓடுமா?

வேகமானதுதான், ஆனால் கை கட்டப்பட்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் பழைய விளையாட்டு எமுலேட்டர்களை ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் அனுமதித்தது. டெல்டா என்ற எமுலேட்டரும், பின்னர் பி.பி.எஸ்.எஸ்.பி.பி.யும் வந்தன. ஆனால் ஓடும்போதே கட்டளைகளை மாற்றி எழுதி, அவற்றை அப்படியே இயக்கும் ஜே.ஐ.டி. முறைக்கு அங்கே அனுமதி இல்லை. பி.எஸ்.பி. அதில்லாமலும் சமாளிக்கும், கேம்க்யூப் சமாளிக்காது.

பழங்காநத்தம்: என் மகன் பழைய விளையாட்டு விளையாடக் கேமிங் போன் வேண்டும் என்கிறான். அவசியமா, சார்?

எந்தக் கன்சோலின் விளையாட்டு என்று முதலில் அவனிடம் கேளுங்கள், அம்மா. பிளேஸ்டேஷன் 1 என்றால் அதன் பிராசஸர் 33.87 மெகாஹெர்ட்ஸ், வீட்டில் இப்போது இருக்கும் போனே போதும்.

திருப்பரங்குன்றம்: ஈதர் எஸ்.எக்ஸ்.2 என்ற பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டரின் புதிய பதிப்பு என்று ஒரு தளம் காட்டுகிறது. இறக்கலாமா?

வேண்டாம். மிரட்டல்கள் தாங்காமல் அதை உருவாக்கியவர் 2023 ஜனவரியில் பணியை நிறுத்திவிட்டார். அதன் பெயரில் இன்று புதிது என்று வரும் எதையும் போனில் ஏற்றாதீர்கள்.

சோழவந்தான்: டால்ஃபின் என்ற கேம்க்யூப் எமுலேட்டரில் ஒவ்வொரு புதிய இடத்துக்குள் நுழையும்போதும் ஒரு நொடி திக்கி, பிறகு சரியாகிறது. இதுவும் சூடா?

இல்லை. அந்த இடத்துக்குத் தேவையான ஷேடர்களை, அதாவது நிறமும் ஒளியும் கணக்கிடும் சிறு நிரல்களை, உங்கள் போன் முதன்முறையாகத் தொகுக்கும் நேரம் அது. தொகுத்ததைச் சேமித்துக்கொள்வதால் அடுத்த முறை திக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய ஷேடரைப் பயன்படுத்தும் உபர்ஷேடர் அமைப்பு இதைத் தவிர்க்கும், ஆனால் கிராபிக்ஸ் சில்லுக்குச் சுமை கூடும் என்பதால் நடுத்தரப் போனில் அதைத் தொடாதீர்கள். டிரைவரை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து தொகுக்க வேண்டியிருக்கும். ஆகவே டர்னிப் போட்ட முதல் அரை மணி நேரத் திக்கலை வைத்து அந்த டிரைவரைப் பழிக்காதீர்கள். வாடிப்பட்டி நண்பருக்கு இதுவே புதிய ஆயுதமாகிவிடும்.