"டிடிஆர்3 என்றால் எந்த ராமும் சரி" என்கிறார்களே, உண்மையா?

ராம் என்றால் கொம்பியூட்டரின் தற்காலிக நினைவகம், டிடிஆர்3 அதில் ஒரு தலைமுறை. கேட்ட தம்பி கிண்ணியாவில் இருக்கிறார். கந்தோரில் கழித்த டெஸ்க்டொப் ஒன்று வாங்கியிருக்கிறார். இன்டெல் ஐ5-4570 புரொசசர், எச்81 மதர்போட், 4 ஜிபி ராம் ஒன்று. மற்ற ஸ்லொட் வெறுமையாகக் கிடக்கிறதாம். அதில் 8 ஜிபி போடலாமா, டிடிஆர்3 என்றால் எதை வாங்கினாலும் சரிதானா என்பது அவருடைய கேள்வி.

8 ஜிபி தாராளமாகப் போடலாம் தம்பி. ஆனால் "எதுவும் சரி" என்பது பிழை. அந்தப் பேச்சை நம்பி எங்கள் குடும்பத்தில் காசு போயிருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் பாடசாலை ஒன்றில் ஐசிடி படிப்பிக்கிறேன். உப்புவெளியில் இருக்கும் அக்காவின் மகள், என் பெறாமகள், உயர்தரம் படிக்கிறாள். அவளிடமும் உங்களுடையதைப் போல நான்காம் தலைமுறை இன்டெல் கொம்பியூட்டர்தான். குரோமில் நாலு பக்கம் திறந்தால் அப்படியே நின்றுவிடும். ஒன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று, மற்றவை விற்கும் விலையில் பாதிக்குக் கிடந்தது. 1600 வேகம், 1.5 வோல்ட், டெஸ்க்டொப்புக்கு உரியது என்று எல்லாம் பொருத்தமாகவே போட்டிருந்தார்கள். நானும் பார்த்துவிட்டு, "வாங்கு பிள்ளை" என்று சொன்னேன்.

கொழும்பிலிருந்து பார்சல் வந்தது, போட்டோம். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது. புது ராமைக் கழற்றினால் கொம்பியூட்டர் பழையபடி எழும்பியது. ஸ்லொட்டை மாற்றிப் பார்த்தோம், புதியதைத் தனியாகவும் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ராம் பழுது என்று முடிவுகட்டப் போன நேரத்தில், பக்கத்து வீட்டில் கிடந்த பழைய ஏஎம்டி அத்லொன் கொம்பியூட்டரின் நினைவு வந்தது. அதில் போட்டதும் உடனே எழும்பி 8 ஜிபி என்று காட்டியது.

காரணம் சிப்பில் இருந்தது. ராமில் வரிசையாக இருக்கும் கறுப்புச் சிப் ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு இத்தனை பிட் கொடுக்கும் என்று ஒரு அமைப்பு உண்டு. டெஸ்க்டொப் ராமில் பெரும்பாலும் அது 8 பிட். மலிவாக வரும் சில 8 ஜிபி டிடிஆர்3 ராம்களில் 4 பிட் சிப்புகளைப் பொருத்தியிருப்பார்கள். அவை சேர்வர் ராம்களில் வழக்கமாக வரும் சிப்புகள். இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டொப் புரொசசர்கள் அந்த அமைப்பை ஏற்காது, ஏஎம்டியின் ஏஎம்3 என்ற புரொசசர் சொக்கட் காலத்து இயந்திரங்கள் ஏற்கும். 240 பின், அந்தப் பின்களுக்கு நடுவே உள்ள வெட்டு இருக்கும் இடம், வோல்ட், வேகம் எல்லாம் ஒன்றுதான் என்பதால் ஸ்லொட்டில் அச்சாகப் போய் உட்காரும். வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பிறகு தேடிப் பார்த்தால், விற்ற பக்கத்தின் அடியில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தது. சாமான் வேலை செய்கிறது, திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே லேபலை வாசித்து வாங்குங்கள். உங்கள் பழைய ராமைக் கழற்றினால் அதில் "2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு" என்பதுபோல ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருக்கும். எக்ஸுக்குப் பின்னால் வரும் 8தான் நான் மேலே சொன்ன பிட் கணக்கு. அந்த இடத்தில் 4 இருந்தால் தொடவேண்டாம். பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது விநாடிக்கு இத்தனை மெகாபைட் என்ற அளவு, 8ஆல் வகுத்தால் 1600 என்ற வேகம் வரும். கடைசி எழுத்து யு என்றால் சாதாரண டெஸ்க்டொப் ராம். ஆர் என்றால் சேர்வருக்கானது, உங்கள் மதர்போட்டில் எழும்பாது. எஸ் என்றால் லப்டொப்புக்கான கட்டை ராம். பிசி3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட்டிலும் ஓடக்கூடியது, அது உங்களுக்குச் சரிவரும். இந்த வரியே இல்லாத, பெயர் தெரியாத ராமை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் இனி வாங்க மாட்டேன்.

அடுத்தது கொள்ளளவு. ஐ5-4570 புரொசசர் 32 ஜிபி வரை தாங்கும். எச்81 மதர்போட்டில் இருப்பதோ இரண்டு ஸ்லொட், மொத்தம் 16 ஜிபி. இரண்டில் குறைந்ததுதான் செல்லும். ஒரு ஸ்லொட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள்.

4உம் 8உம் சேர்ந்து ஓடுமா என்றால், ஓடும். பழையது 1333, புதியது 1600 என்றால் இரண்டும் 1333இல் ஓடும், அவ்வளவுதான். பழையதில் உள்ள 4 ஜிபியும் புதியதில் ஒரு 4 ஜிபியும் சோடியாக இரட்டைச் சனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில், வேகமாக இயங்கும், மிச்சம் 4 ஜிபி தனிச் சனலில் இயங்கும். ஒரே மாதிரி 8 ஜிபி இரண்டு போட்டால் இன்னும் நல்லது. ஆனால் அந்தச் செலவு உங்களுக்கு இப்போது தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

காசு கொடுக்கும் முன் விண்டோஸ் 64 பிட்டா என்றும் பாருங்கள். கந்தோர்களில் கழித்த இயந்திரங்களில் பழைய 32 பிட் விண்டோஸ் 7 இன்னும் கிடக்கிறது. அதில் எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜிபிக்குள்தான் பயன்படும். பெட்டியைத் திறக்காமல் விபரம் பார்க்க சிபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் போதும். எந்த ஸ்லொட்டில் என்ன ராம், எந்த வேகம், யார் செய்தது என்று காட்டும்.

வேறு இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால்: டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லொட்டில் மற்றது இறங்காது. இன்டெல் 12ஆம் தலைமுறைக்குச் சில மதர்போட்கள் டிடிஆர்4 எடுக்கும், சில டிடிஆர்5 எடுக்கும். புரொசசர் பெயரை மட்டும் வைத்து வாங்கிவிடாதீர்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சொக்கட் என்றால் டிடிஆர்5 மட்டும்.

எங்கள் ஊருக்கென்று ஒன்று சொல்லவேண்டும். கடற்காற்று. அக்காவின் வீட்டு யன்னல் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே ராமின் பொன்னிறப் பற்கள் ஒரு வருடத்திலேயே மங்கிவிடும். கிண்ணியாவிலும் அப்படித்தான் இருக்கும். புது ராம் எழும்பவில்லை என்றால் உடனே பழுது என்று எறியவேண்டாம். மின்சார வயரைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பற்களை மென்மையான அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூள் இல்லாமல் துடைத்துப் போடுங்கள். இரு பக்கக் கொளுக்கியும் "டக்" என்று மூடவேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் செத்துப்போனது என்று ஒதுக்கிய இரண்டு இயந்திரங்கள் இப்படித்தான் திரும்ப எழும்பின.

பெறாமகளுக்குப் பிறகு என்ன செய்தோம் என்றால், பழைய ராமைப் பழைய பத்திரிகைத்தாளில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு மத்திய வீதிப் பக்கம் போனோம். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து லேபலை ஒப்பிட்டோம். ஒரு கிழமைக்குள் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கினோம். வீட்டுக்கு வந்து போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் பிழை ஒன்றும் இல்லை.

உங்கள் ராமின் லேபல் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. வாங்கப் போவதன் படத்தையும் சேர்த்துப் போட்டால், காசு கொடுக்கும் முன்பே பார்த்துச் சொல்லிவிடுவேன்.